நெடுந்தீவில் ஓர் அமாவாசை
குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குதிரைகளையும் பெருக்குமரத்தையும் பார்த்துவிட்டுப் பின்னேரமே திரும்பிவிடுகிறார்கள். வானத்தை விட்டுவிட்டு!

மாசி அமாவாசையன்று முன்னிரவில் வடக்கே துருவ வெள்ளி, கடலிலிருந்து ஏறக்குறைய பத்துப் பாகையே உயர்ந்து, மங்கலாக நிற்கும். தெற்கே அகத்தியர் வெள்ளி சுடர்விடும். சிட்னிக்குக் குடிபெயர்ந்த தீவாருக்கு முன்னது தெரியாது. ரொறன்ரோவில் இருப்பவருக்குப் பின்னது தெரியாது. ஊரில் இரண்டும் ஒரே வானில்.

ஆறாமீன் மட்டும் மூவருக்கும் பொது. இன்று நாம் காணும் அதன் ஒளி புறப்பட்டு ஏறக்குறைய 440 ஆண்டுகள். அப்போது நல்லூரில் தமிழ் மன்னன் ஆண்டுகொண்டிருந்தான். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1619 இன்னும் வந்திருக்கவில்லை.

அடுத்த முறை போனால் கடைசிப் படகைப் போகவிடுங்கள். ஓர் இரவு தங்குங்கள்.