முயலின் சட்டை

குழந்தைகளுக்கு எழுத உட்கார்ந்ததும் நம்மில் பலருக்குக் குரல் மாறிவிடுகிறது. பியாட்ரிக்ஸ் பாட்டருக்கு மாறவில்லை. பீட்டர் என்ற முயலின் கதையில், அதன் தகப்பன் தோட்டக்காரர் வீட்டில் சமையலாகிப் போன செய்தி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அழுகை இல்லை, உபதேசமும் இல்லை.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? 1866-ல் லண்டனில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். தம்பியோடு சேர்ந்து பிராணிகளை வளர்த்தார். செத்தவற்றின் எலும்பையும் பார்த்து வரைந்தார். காளான்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1897-ல் லின்னேயன் சங்கத்துக்குப் போயிற்று. பெண் என்பதால் அவர் போக முடியவில்லை. விஞ்ஞானம் வேண்டாமென்ற கண் கதைக்குக் கிடைத்தது. 1893-ல் நோயுற்ற சிறுவனுக்குக் கடிதமாக எழுதிய கதையைப் பதிப்பாளர்கள் மறுக்கவே, 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார்.

முயலுக்குச் சட்டை போட்டாரே, அது பொய்யல்லவா என்று கேட்கலாம். அந்தச் சட்டைதான் வலையில் மாட்டிக் கொள்கிறது. அதைக் கழற்றிவிட்டு வெறும் முயலாக ஓடினால்தான் பீட்டர் பிழைக்கிறது! இதைவிட நேர்மையான விமர்சனத்தை யாரும் தம் கதைக்குள்ளேயே எழுதியதில்லை.

1913-ல் கல்யாணமானபின் ஆட்டுப் பண்ணையில் ஆழ்ந்தார், எழுத்து குறைந்தது. 1943-ல் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை நாஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். எழுதாமற் போனாரே என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. அவரும் சட்டையைக் கழற்றிவிட்டார், அவ்வளவுதான்.