பெயர்கள் பிறந்த இடங்கள்

தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனைகளில் யேகோவாயீரே, யேகோவாநிசி, யேகோவாஷாலோம், யேகோவாஷம்மா, யேகோவா ராஃபா ஆகிய பெயர்கள் அடுக்கிப் பாடப்படுகின்றன. கடவுளின் குணங்களுக்கு எபிரேய மொழி வைத்திருக்கும் பட்டியல் இது என்றே பாடுகிறவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வசனங்களைத் திருப்பிப் பார்த்தால் கதை வேறு. யேகோவாயீரே என்பது, மகன்மேல் ஓங்கிய கத்தியைக் கீழே போட்ட பிறகு ஆபிரகாம் ஒரு மலைக்கு வைத்த பெயர். யேகோவாநிசி, அமலேக்கியரோடு நடந்த போர் ஓய்ந்ததும் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். யேகோவாஷாலோம், மீதியானியருக்குப் பயந்து திராட்சை ஆலைக்குள் ஒளிந்து கோதுமை போரடித்த கிதியோன் ஓப்ராவில் கட்டிய பலிபீடத்துக்கு இட்ட பெயர். யேகோவாஷம்மா, எசேக்கியேல் நூலின் கடைசி வரியில் வரும் ஒரு நகரம். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தீர்க்கதரிசி, இடிந்துபோன எருசலேமுக்குப் பதிலாகக் கண்ட நகரம். ராஃபாவோ பெயர்ச்சொல்லே இல்லை. மாராவின் கசந்த தண்ணீரை அடுத்து வரும் ஒரு வாக்கியத்தின் வினையிலிருந்து பிற்காலத்தார் பிரித்தெடுத்த சொல் அது. 1871இல் முடிந்த ஹென்றி பவர் குழுவின் தமிழ் வேதாகமம் முதல் நான்கையும் எபிரேய ஒலியிலேயே விட்டுவிட்டு, ஐந்தாவதை மட்டும் தமிழாக்கியதற்குக் காரணம் இதுதான். ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர்கள் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியின் நினைவுக்கற்கள். ஒருவர் ஓர் இடத்தில் நெருக்கடியில் நிற்கிறார். கடவுள் அவரைச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்பு பெயராகிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று ஆகார். சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போன எகிப்திய அடிமைப்பெண். கர்ப்பிணி. நீரூற்றின் அருகில் தூதன் அவளை முதலில் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்தக் கதையில் அதுவரை ஆபிராமும் சாராயும் அவளை ‘அடிமைப்பெண்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் பதிலுக்குக் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள்: ஏல் ரோயீ, காண்கிற தேவன். ஆபிரகாம் மலைக்கும் யாக்கோபு ஊருக்கும் பெயர் வைத்தார்கள். தன்னோடு பேசிய கடவுளுக்கு நேராகவே பெயர் வைத்ததாக ஆதியாகமம் சொல்வது இந்த அந்நியப் பெண்ணைப் பற்றித்தான். கடவுள் எல்லாவற்றையும் அறிகிறவர் என்ற கோட்பாட்டுக்கும், யார் கண்ணிலும் படாத ஒருத்தி ‘என்னைப் பார்த்தார்’ என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தில்தான் இந்தப் பெயர்களின் பொருள் இருக்கிறது.

எல்லாப் பெயர்களுக்கும் மேலான அந்த நான்கெழுத்துப் பெயருக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு மெய்யெழுத்துகள் எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 6,800 முறை வருகின்றன. எரிகிற முட்செடியின் முன் மோசே பெயர் கேட்டபோது கிடைத்த விடை, ‘எஹ்யே அஷேர் எஹ்யே’ (யாத்திராகமம் 3:14). கிரேக்கத்துக்குப் பெயர்த்த யூத அறிஞர்கள் இதை ‘ஹோ ஓன்’, அதாவது ‘இருப்பவர்’ என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்தவ மெய்யியல் நெடுந்தூரம் போயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், ‘இருப்பவர்’ என்பதே கடவுளுக்கு மிகவும் பொருந்தும் பெயர் என்று வாதிட்டார். தூய இருப்பு, மாறாமை, தன்னில்தானே நிலைத்தல் எல்லாம் இதிலிருந்து கிளைத்தன. ஆனால் ‘எஹ்யே’ என்ற அதே வினைவடிவம் இரண்டு வசனங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பார்வோனிடம் போக நான் யார் என்று மோசே தயங்க, கடவுள் ‘எஹ்யே’ உன்னோடு என்கிறார். அங்கே அதற்கு ‘இருப்பேன்’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் மார்ட்டின் பூபர், இந்தப் பெயரை உடனிருப்பின் வாக்குறுதியாகவே வாசித்தார். பிராங்க் மூர் கிராஸ் போன்றவர்கள் ‘உண்டாக்குகிறவர்’ என்ற வினைவேரை முன்வைத்ததும் உண்டு. இலக்கணத்தை மட்டும் வைத்து இந்த வழக்கு தீராது. ஆனால் இரண்டு வசனங்களுக்கு முன் உள்ள அந்த ‘உன்னோடு’ என்ற சொல்லை மறந்துவிட்டு எந்த விளக்கமும் நிற்காது என்பது என் முடிவு.

‘ஏலோஹீம்’ விஷயத்தில் போதகர்கள் பலர் அவசரப்படுகிறார்கள். இது பன்மை வடிவம். எனவே திரித்துவம் ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே ஒளிந்திருக்கிறது என்பது இடைக்காலத்திலிருந்தே வரும் வாதம். திரித்துவத்தை உறுதியாக நம்பிய கால்வினே தம் ஆதியாகம உரையில் இந்த வாதத்துக்கு வலுவில்லை என்று ஒதுக்கினார். அவர் செய்தது சரி. ஏனென்றால் அதே பன்மை வடிவம் மோவாபியரின் காமோசுக்கும் பெலிஸ்தரின் தாகோனுக்கும் வருகிறது. பார்வோனுக்கு முன் மோசேயும் ஏலோஹீம் ஆக்கப்படுகிறான். தாகோனில் மூவர் இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். இஸ்ரவேலின் கடவுளைக் குறிக்கும்போது இந்தப் பன்மைப் பெயர் ஒருமை வினையைக் கொள்கிறது. தமிழ் வாசகருக்கு இது விளங்காத மர்மமாக இருக்க வேண்டியதில்லை. ‘தேவன் சிருஷ்டித்தார்’ என்று நாம் சொல்லும்போது பெயர் ஒருமை, வினை விகுதி பலர்பால். எபிரேயத்தில் இது தலைகீழ். பன்மை, எண்ணிக்கையைச் சொல்லாமல் பெருமையைச் சொல்ல முடியும் என்பதை ‘ஆர்’ விகுதியோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டாம். திரித்துவத்துக்கு வேறு ஆதாரம் உண்டு. அதை இந்த விகுதியில் தொங்கவிடுவது அந்த நம்பிக்கைக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இதைவிடக் கனமான ஒரு மறுப்பு அகழாய்விலிருந்து வருகிறது. 1929இல் சிரியாவின் கடற்கரையை ஒட்டிய ராஸ் ஷம்ராவில், பழைய உகாரித் நகரில், களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ‘ஏல்’ கானானிய தெய்வக் குடும்பத்தின் தலைவன். அப்படியானால் ஏல் எலியோன், ஏல் ஷடாய் எல்லாம் இரவல் பெயர்கள்தானே, அவற்றில் வெளிப்பாடு எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் ஆதியாகமம் இதை மறைக்கவே இல்லை. ‘உன்னதமான தேவன்’ என்ற பெயர் அதில் முதலில் வருவது ஆபிராமின் வாயில் அன்று, சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்கின் வாயில். ஆபிராம் அதை ஏற்று, நான்கெழுத்துப் பெயரோடு இணைத்து ஆணையிடுகிறான். அக்கம்பக்கத்து மொழியில் ஏற்கெனவே புழங்கிய சொல்லை எடுத்து அதற்குப் புதிய வரலாறு கொடுப்பதுதான் இந்த மரபின் வேலைமுறை. தமிழில் 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதல் ஃபப்ரிசியுஸின் ‘பராபரன்’, பவர் குழுவின் ‘தேவன்’, 1995இன் திருவிவிலியத்தில் உள்ள ‘கடவுள்’ வரை நடந்ததும் அதுவேதான். ‘ஷடாய்’க்கு மலை, மார்பு, அழித்தல் என்று மூன்று வேர்கள் சொல்கிறார்கள்; முடிவு இல்லை. சொற்பிறப்பு தெரியாமலேயே, தம் நூலில் முப்பது தடவைக்கு மேல் வரும் அந்தப் பெயரைச் சொல்லி யோபுவால் வழக்காட முடிந்தது.

இனி ஒலியின் கேள்வி. கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டின் மோவாபியக் கல்வெட்டில், 1868இல் தீபானில் கிடைத்த மேசா கல்லில், நான்கெழுத்தும் தெளிவாக வெட்டப்பட்டிருக்கிறது. எருசலேமின் கேத்தேஃப் ஹின்னோம் கல்லறையில் 1979இல் எடுத்த, சுருட்டிய வெள்ளித் தகடுகளிலும் அது உண்டு. பிறகு பயபக்தி அதன்மேல் திரை இட்டது. கும்ரானில் கிடைத்த ஆபகூக் விளக்கவுரைச் சுருளைப் பார்த்தால், வரி முழுவதும் புது எபிரேய எழுத்தில் ஓட, அந்தப் பெயர் மட்டும் முன்னோரின் பழைய எழுத்தில் தனித்து நிற்கிறது: கண் படலாம், வாய் படக் கூடாது. வாசிப்பவர் ‘அதோனாய்’ என்றார். பின்னாளில் மசோரேத்தியர் உயிர்க்குறிகளைச் சேர்த்தபோது, அதோனாய் என்று வாசிக்கச் சொல்லும் குறிகளை இந்த நான்கு மெய்களின்மேல் இட்டார்கள். அந்த நினைவூட்டலை ஒரே சொல்லாக வாசித்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்கு ‘யேகோவா’ பிறந்தது. 1530இல் டிண்டேல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ‘யாவே’ என்பது, சமாரியர் ‘யாபே’ என்று உச்சரித்ததாகத் தியோடொரெட் எழுதியது போன்ற தடயங்களிலிருந்து அறிஞர் எட்டிய ஊகம், நல்ல ஊகம்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் உண்மையான உச்சரிப்பை மீட்டெடுக்க வேண்டாமா? பெயர் மறைக்கப்பட்டது ஒரு துரோகம் என்று சில குழுக்கள் சொல்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் தங்கள் மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டிலேயே அதை 237 இடங்களில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நம் கைக்கு வந்துள்ள கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பிரதி எதிலும் நான்கெழுத்து இல்லை. ‘கீரியோஸ்’, அதாவது ஆண்டவர், என்பதே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் புதிய ஏற்பாட்டின் மையமான அறிக்கையே கலைந்துபோகும். கர்த்தரின் நாமத்தைத் தொழுதுகொள்கிற எவரும் இரட்சிக்கப்படுவார் என்பது யோவேலில் நான்கெழுத்துப் பெயரைப் பற்றிய சொல். பவுல் ரோமர் 10இல் அதையே இயேசுவைப் பற்றிச் சொல்கிறார். எல்லா முழங்காலும் தனக்கே முடங்கும் என்று ஏசாயாவில் அந்தக் கடவுள் கூறியதைப் பிலிப்பியர் 2 இயேசுவின் பெயருக்குத் தருகிறது. மாற்றுச்சொல் இருந்ததால்தான் இந்தத் தாவல் சாத்தியமாயிற்று. இதைத் தமிழ் வாசகர் எளிதாகக் காணலாம். ஆங்கில வேதாகமம் பெரிய எழுத்துகளால் காட்டும் வேறுபாட்டைப் பவர் குழு இரண்டு சொற்களால் காட்டியது: நான்கெழுத்துக்குக் கர்த்தர், அதோனாய்க்கு ஆண்டவர். நூற்றுப்பத்தாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. புதிய ஏற்பாட்டில் இயேசுவைக் ‘கர்த்தர்’ என்று படிக்கிற தமிழர், அது எந்த இடத்தை நிரப்பும் சொல் என்பதை அறிந்தே படிக்க முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு: மாற்றுச்சொல்லே போதும் என்றால் எபிரேயப் பெயர்கள் எதற்கு? இந்தக் கேள்வியின் கடைசிப் படி மார்சியோன். இஸ்ரவேலின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்ற அவரை இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமச் சபை விலக்கியது. எபிரேயப் பெயர்கள் திருச்சபையை ஒரு மக்களின் வரலாற்றோடு கட்டிவைக்கின்றன. இயேசு என்ற பெயருக்குள்ளேயே, யேசுவா என்ற அதன் எபிரேய வடிவில், நான்கெழுத்தின் சுருக்கம் இருக்கிறது. அல்லேலூயாவின் கடைசி அசையும் அதுவே. ஆகவே எதையும் விலக்க வேண்டாம். யூதர்கள் இன்றும் உச்சரிக்காத பெயரைக் கிறிஸ்தவர்கள் முழக்கமாக்கத் தேவையில்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். 2008இல் வத்திக்கான், வழிபாட்டில் அதை உச்சரிக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். பாடல் எழுதுகிறவர்களிடமும் பிரசங்கிகளிடமும் ஒரு வேண்டுகோள். பெயரைச் சொல்லும்போது இடத்தையும் சொல்லுங்கள். மலையை, திராட்சை ஆலையை, கசந்த தண்ணீரைச் சொல்லுங்கள். ஆகாரின் பெயரையும் அந்த வரிசையில் சேருங்கள். அவள் பெயர் வைத்த கடவுளின் நினைவாக அந்தக் கிணறு பெயெர்லாகாய்ரோயீ எனப்பட்டது. ஆபிரகாம் இறந்த பின் ஈசாக்கு குடியிருந்தது அந்தக் கிணற்றின் அருகில்தான்.