ஊசற்குண்டும் சாயவேரும்

பூக்கோ என்றதும் எமது சிற்றேடுகளின் வாசகர்களுக்கு மிஷேல் பூக்கோதான் நினைவுக்கு வருவார். அதிகாரம், அறிவு, சொல்லாடல் என்று பக்கம் பக்கமாக நாம் எழுதியதெல்லாம் அவரை முன்வைத்துத்தான். இங்கு நான் சொல்ல வந்தது இன்னொரு பூக்கோவை. லெயோன் பூக்கோ. 1851இல் பாரிசிலுள்ள பந்தியோனின் கூரையிலிருந்து 67 மீற்றர் நீளக் கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுற்றுகிறது என்பதைச் சனங்கள் கண்ணால் காணும்படி செய்தவர். குண்டு தன்பாட்டில் ஒரே தளத்தில் ஆடுகிறது. அதன் கீழே நிலம் திரும்புகிறது. நிலத்தோடு சேர்ந்து நாமும் திரும்புவதால் ஊசல் திசை மாறுவதுபோல எமக்குத் தெரிகிறது. பாரிசில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணித்தியாலம். அதே ஊசலை யாழ்ப்பாணத்தில் தொங்கவிட்டால் ஏறக்குறைய ஆறு நாட்கள் பிடிக்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கச் சுற்று மந்தமாகும்.

பௌதிகவியல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன ஒருவனுக்கு, கடதாசியில் மட்டும் போட்டுப் பார்த்த கணக்கு கண்ணெதிரே ஆடுவதைப் பார்ப்பது சின்ன விடயமல்ல. பாரிசின் ஆர்-எ-மெத்தியே, அதாவது கலைகளும் கைத்தொழில்களும், என்னும் நூதனசாலையில் அந்த ஊசல் ஆடுகிறது. பழைய மடாலயமொன்றின் தேவாலயத்துக்குள் அது இருக்கிறது. உம்பர்த்தோ எக்கோ 1988இல் எழுதிய நாவல் அந்த ஊசலின் பெயரையே கொண்டது. கதை தொடங்குவதும் அந்தத் தேவாலயத்துக்குள்தான். பூக்கோ பயன்படுத்திய பழைய குண்டு 2010இல் கம்பி அறுந்து நிலத்தில் விழுந்து நசுங்கிவிட்டது. இப்போது ஆடுவது பிரதி.

நான் வேலை செய்யும் றெஸ்ரோரண்ட் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் வரைக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் ஐந்தாறு தடவைகள் போயிருக்கிறேன். இது சுற்றிப் பார்த்த கதை அல்ல. ஒரு நூதனசாலையும் ஒரு நூலைப் போன்றதே. அதற்கும் ஓர் ஆசிரியர் உண்டு, ஓர் அடுக்குமுறை உண்டு, சொல்லாமல் விட்டவையும் உண்டு. அந்த வாசிப்பில் எழுந்த சில அபிப்பிராயங்களே இவை.

*

ஊரில் நாம் நூதனசாலை என்கிறோம். தமிழகத்தில் அருங்காட்சியகம். நூதனம் என்றால் புதுமை. பழையவற்றை வைத்திருக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. இந்த இடத்துக்கு மட்டும் அந்தப் பெயர் அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஏனெனில் இது பழம்பொருட்களுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. 1794 ஒக்ரோபரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு இதை நிறுவியபோது, புதிய இயந்திரங்களையும் கருவிகளையும் ஓரிடத்தில் சேர்த்து, தொழிலாளிகளுக்கு அவற்றை இயக்கிக் காட்டி விளக்குவதே நோக்கம். புத்தகம் வாசிக்கத் தெரியாதவனும் கண்ணால் பார்த்துக் கற்கலாம். இன்று சுமார் 80,000 பொருட்கள் இதன் சேகரிப்பில் உள்ளன; காட்சியில் இருப்பவை சுமார் 2,400 மட்டுமே.

இந்த யோசனையை முன்வைத்தவர் கிரெகுவார் பாதிரியார். சாதாரண மனிதரல்ல. யூதர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று வாதாடியவர். அடிமை முறைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் எழுதியவர். 1989இல், புரட்சியின் 200ஆவது ஆண்டில், அவரது எச்சங்களைப் பந்தியோனுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஊசல் முதலில் ஆடிக்காட்டப்பட்ட அதே கட்டடத்துக்கு.

1794 என்ற அந்த ஒரே ஆண்டில் கிரெகுவார் மூன்று காரியங்கள் செய்தார். ஒன்று, இந்த நூதனசாலையை முன்மொழிந்தார். இரண்டு, புரட்சியின் கொந்தளிப்பில் சிலைகளும் நூல்களும் ஓவியங்களும் அழிக்கப்படுவதைக் கண்டித்து அறிக்கைகள் எழுதினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் 'வண்டலிசம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. மூன்று, ஜூன் மாதத்தில் புரட்சி மன்றத்தின் முன் இன்னோர் அறிக்கையை வாசித்தார். பிரான்சின் வட்டார மொழிகளை இல்லாமற் செய்து பிரெஞ்சு மொழியைப் பொதுவாக்குவதன் அவசியமும் வழிமுறைகளும் பற்றியது அது. நாட்டில் பிரெஞ்சை ஒழுங்காகப் பேசுவோர் 30 இலட்சத்துக்கு மேல் இல்லை என்றும், 60 இலட்சம் பேராவது அதை அறியாதவர்கள் என்றும் அதில் கணக்குக் காட்டினார். 1790இலேயே 43 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை நாடெங்கும் அனுப்பி, அந்த மொழிகளைப் பற்றிய விபரங்களைத் திரட்டியிருந்தார்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றிப் பேசும்போது நாம் பாவிக்கும் சொல் ஒன்று இவரிடமிருந்து வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எதிர்க்கும் எண்ணமும் ஒருவகையில் இவரிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் மறுக்கவில்லை. கிரெகுவார் ஓர் இனத்தின் மேலாதிக்கத்துக்காக வாதாடவில்லை. கமக்காரனும் சட்டத்தை வாசித்து விளங்கவேண்டும், தன் உரிமையைத் தானே கேட்கவேண்டும் என்பதே அவரது நியாயம். ஆயினும் அவர் காப்பாற்ற நினைத்தது கருவியை. கைவிடத் துணிந்தது அந்தக் கருவியைப் பிடித்தவனின் பேச்சை. கருவி தனியே இருந்தால் போதும், அதைச் சுற்றியிருந்த சொற்கள் போனாலும் அறிவு தங்கும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. இந்த நூதனசாலையின் அத்திவாரத்தில் இருக்கும் பிழை இதுதான் என்பது எனது எண்ணம்.

*

குறை சொல்லும்போது நியாயமாகவும் இருக்கவேண்டும். லவோசியே இரசாயனவியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். 1794 மேயில் அவரது தலையைத் துண்டித்ததும் இதே புரட்சிதான். அவரது ஆய்வுகூடக் கருவிகள் இங்கே இருக்கின்றன. அவற்றுள் துலாக்களைச் செய்துகொடுத்த ஃபோர்த்தன், மெஞ்ஞியே என்ற கைவினைஞர்களின் பெயர்களும் வரலாற்றில் நிலைத்திருக்கின்றன. அந்தத் துல்லியமான துலாக்கள் இல்லாவிட்டால் லவோசியேயின் இரசாயனமும் இல்லை. கிளெமோன் அடேர் 1897இல் பரீட்சித்த, வௌவால் சிறகு கொண்ட விமானம் படிக்கட்டுக்கு மேலே தொங்குகிறது. அந்தப் பரீட்சை வெற்றி பெறவில்லை. தோற்றதையும் மதிப்போடு வைத்திருப்பது நேர்மையான காரியமே.

ஆனால் நெசவுப் பகுதிக்கு வரும்போது கதை மாறுகிறது. 1740களில் வோக்கன்சோன் செய்த பட்டுத்தறி, அதன்பின் 1804ஐ ஒட்டி ஜக்கார் உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறி. ஜக்கார் இந்த நூதனசாலையில் கிடந்த வோக்கன்சோனின் தறியை ஆராய்ந்தே தன்னுடையதைச் செய்தார் என்பார்கள். அதன் அட்டைகளிலிருந்து பாபேஜின் கணிப்பொறிக்கும், அங்கிருந்து இன்றைய கொம்பியூட்டருக்கும் கோடு இழுத்துக் காட்டுவது வழக்கம். காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையும் இன்று ஜக்கார் அட்டையால்தான் எழுகிறது.

அந்த அட்டை எவருடைய வேலையைச் செய்தது? முன்பு தறியின் பக்கத்தில் நின்று, எந்த இழை எப்போது உயரவேண்டும் என்று கயிறுகளை நாள்முழுக்க இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையின் வேலையை. பூவேலையின் கணக்கு முழுவதும் அந்தப் பிள்ளையின் கைகளின் வழியாகத்தான் ஓடியது. அட்டை வந்ததும் அந்த முதுகொடிக்கும் வேலை போனது நல்லதே. ஆனால் கோடு பாபேஜை நோக்கி முன்னே மட்டும் இழுக்கப்படுகிறது. பின்னே, அந்தப் பிள்ளையை நோக்கி இழுக்கப்படுவதில்லை. 1744இல் வோக்கன்சோனின் சீர்திருத்தங்களுக்கு எதிராக லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1831இலும் 1834இலும் கூலிக்காகத் தெருவில் இறங்கி இரத்தம் சிந்தினார்கள். இவையும் அந்தத் தறியின் வரலாறுதான். துடைத்து எண்ணெய் பூசி வைத்த தறியில் இவை எதுவும் ஒட்டியிருப்பதில்லை.

*

இனி எமக்குக் கிட்டிய விடயத்துக்கு வருகிறேன். இது இந்த நூதனசாலையில் இல்லை. இதே பாரிசின் வேறொரு சேகரிப்பில் இருக்கிறது.

சோழமண்டலக் கரையின் வர்ணத் துணிகளுக்கு 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த மோகம் பெரிது. உள்ளூர்ப் பட்டு, கம்பளிக்காரர்களைக் காக்க 1686இல் அவற்றுக்குத் தடை விதித்தார்கள், 1759இல்தான் எடுத்தார்கள். தோய்த்தாலும் வெயிலில் காய்ந்தாலும் போகாத அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்பது ஐரோப்பாவுக்குப் புதிராக இருந்தது. 1730களில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை எடுத்து, குறிப்புகளோடு பிரான்சிலுள்ள இரசாயன அறிஞர் டுஃபேக்காகக் கொண்டுவந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோடு பாரிசின் இயற்கை வரலாற்று நூதனசாலையின் நூலகத்தில் இருக்கிறது. 1742இல் கூர்தூ என்ற யேசுசபைப் பாதிரியார் அதே தொழிலை விபரமாக ஒரு கடிதத்தில் எழுதினார். கிறிஸ்தவத்துக்கு மாறிய சாயக்காரரிடம் கேட்டறிந்ததே அதில் இருப்பது.

அந்தச் செய்முறை எளிதானதல்ல. துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்க உதவும். பாலின் கொழுப்பு வர்ணம் கசிந்து பரவாமல் தடுக்கும். பின் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு, படிகாரக் கரைசலால் சிவப்பு வரவேண்டிய இடம். படிகாரம் பூசிய இடத்தில் அப்போது சிவப்புத் தெரியாது. சாயவேர் போட்டுக் காய்ச்சும்போதுதான் அது எழும்பும். பிறகு மெழுகால் மூடி, நீலம் வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு அவுரியில் தோய்ப்பார்கள். வாய்ப்பாடு இல்லை, ஆய்வுகூடம் இல்லை. ஆனால் இது இரசாயனவியல்.

கிரெகுவாருக்கு நேர்மாறாக, இங்கே பாதிரியார் கடுக்காய், சாயவேர் என்ற சொற்களைத் தமிழாகவே பிரெஞ்சு எழுத்தில் எழுதி அனுப்பினார். சொல் இல்லாமல் தொழிலைக் கொண்டுபோக முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொண்டுபோகாமல் விட்டது ஆட்களை. சொல்லிக்கொடுத்தவர்கள் 'மதம் மாறியவர்கள்' என்ற பொதுப் பெயருக்குள் அடங்கிவிட்டார்கள். தடை நீங்கிய மறுவருடம், 1760இல், ஓபர்காம்ப் பாரிசுக்கு அண்மையில் ஜூயியில் துணி அச்சுத் தொழிலைத் தொடங்கினார். அவரது பெயரும் படமும் துணிகளும் அங்கே தனியொரு நூதனசாலையில் உள்ளன. 1868இல் கிரேபவும் லீபர்மனும் சாயவேரில் இருக்கும் அதே சிவப்புப் பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் வேருக்குச் சந்தையே இல்லாமற் போனது.

*

இவ்வளவும் எழுதி, 'பார்த்தீர்களா, எமது அறிவைத் திருடிவிட்டார்கள்' என்று முடித்தால் வாசகர்களுக்கும் திருப்தி, எனக்கும் சுகம். ஆனால் 'எமது' என்ற சொல் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

சாயவேர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அது முக்கியமான ஏற்றுமதி. அந்த வேரைக் கிண்டிக் கொடுப்பது குறிப்பிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். மணலில் குனிந்திருந்து, மெல்லிய வேரை அறுபடாமல் இழுத்து, எந்த நிலத்து வேர் நல்ல சிவப்புத் தரும் என்று பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எமது யாழ்ப்பாண வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். அரசர் நிரல் உண்டு, கோயில் உண்டு, புலவர் பரம்பரை உண்டு. வேர் கிண்டியவர்களுக்கு எத்தனை பக்கம்? பாதிரியார் பெயரை விட்டாலும் சொல்லையாவது எழுதினார். நாம் இரண்டையும் எழுதவில்லை.

என் அப்புவின் தகப்பன் சீவல் தொழிலாளி. தளைநார், பாளைக்கத்தி, முட்டி என்று மூன்று நான்கு சொற்கள்தான் எனக்குத் தெரியும். கருப்பநீர் புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள் என்பது தெரியும். எவ்வளவு, எப்போது என்பது தெரியாது. பாளையை எத்தனை நாள் தட்டிப் பதப்படுத்தவேண்டும், ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் வேலை எப்படி வேறுபடும் என்பதெல்லாம் என் தலைமுறையோடு அறுந்துவிட்டது. ஜக்காரின் தறியைப் பார்த்துவிட்டு வந்த ஒருநாள் இரவு, கோப்பைகள் கழுவி முடித்தபின், ஊருக்கு ரெலிபோன் எடுத்து அப்புவிடம் இவற்றைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்:

"உதுகளை இப்ப ஏன் தம்பி கேக்கிறாய்? உதுகளை நீ மறக்க வேணுமெண்டுதானே உன்னைப் படிக்க வைச்சனான்."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கிரெகுவாரின் அறிக்கைக்கு எதிராக நான் அடுக்கிய நியாயங்கள் எதுவும் அவரிடம் எடுபடாது. சாதியின் பெயரால் ஏச்சு வாங்கித் தந்த ஒரு தொழிலின் சொற்களைப் பாதுகாக்கவேண்டும் என்று சொல்ல, அந்த ஏச்சை வாங்காத எனக்கு என்ன உரிமை? கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்க வேண்டியதில்லை. கத்தி வாய் திறந்து எதுவும் சொல்லாது. சொற்களைச் சேகரிக்கப் போகிறவன் சந்தித்தே ஆகவேண்டும், ஏனெனில் சொற்களோடு சேர்ந்து அவமானமும் வரும்.

ஆயினும் நான் திரும்பவும் எடுத்தேன். கிழமைக்கு ஒருக்கால் கேட்கிறேன். கொப்பி ஒன்றில் எழுதுகிறேன். முதலில் பேசமாட்டேன் என்றவர் இப்போது, நான் பிழையாக எழுதிவிடுவேனோ என்ற கவலையில் தானாகவே திருத்துகிறார். இதுவரை 40 சொற்களுக்குமேல் சேர்ந்துவிட்டன. முதலாவது பக்கத்தில் சொல் எதுவும் இல்லை. அவரது பெயரும், அவரது தகப்பனின் பெயரும் மட்டும் இருக்கின்றன.