ஏற்காட்டுக்கு ஒரு நாள்: உலாவா, ஆய்வா?

அறிவியல் மாநாட்டு அழைப்பிதழ்களைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அவற்றின் அமைப்பு மனப்பாடமாகியிருக்கும். தொடக்க விழா, சிறப்புரை, கட்டுரை வாசிப்பு, தேநீர் இடைவேளை, நிறைவு விழா என்று வரிசையாக வரும். கடைசியில் ஒரு வரி: "களப் பயணம் - விருப்பமுள்ளோர் மட்டும்." சேலம் வட்டாரத்தில் மாநாடு நடந்தால் அந்த வரியில் பெரும்பாலும் ஏற்காடு இருக்கும். காலையில் பேருந்து புறப்படும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் புகைப்படம், மதிய உணவு, கடைவீதியில் காப்பித்தூளும் மிளகும். மாலையில் மலை இறங்கிவிடுவார்கள்.

மூன்று நாள் நாற்காலியில் அமர்ந்து களைத்தவர்கள் ஒரு நாள் குளிர்ந்த காற்று வாங்குவதில் குற்றம் ஏதுமில்லை. அதை உலா என்றே சொல்லிவிட்டால் யாரும் குறை கூறப்போவதில்லை. உலாவுக்குக் களப் பயணம் என்று பெயர் சூட்டும்போதுதான் கேள்வி எழுகிறது. காரணம், சேர்வராயன் மலையைப் போல் உண்மையான களப் பயணத்துக்குத் தகுதி வாய்ந்த இடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை.

மாநாட்டின் மறுபாதி

நிலவியலில் களப் பயணம் என்பது மாநாட்டின் வாலாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை. பன்னாட்டு நிலவியல் மாநாடு முதன்முதலாக 1878-ல் பாரிசில் கூடியது. அதன் 22-ஆவது கூட்டம் 1964-ல் புதுடில்லியில் நடைபெற்றது. ஆசியாவில் அது கூடியது அதுவே முதல் தடவை. அம்மாநாட்டையொட்டி நாட்டின் பல பகுதிகளுக்குக் களப் பயணங்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. அவற்றுக்கென வழிகாட்டி நூல்கள் அச்சிடப்பட்டன. மாநாட்டின் நடவடிக்கைத் தொகுப்பில் சார்னோக்கைட் என்ற பாறைக்கெனவே தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அந்தப் பாறைதான் சேர்வராயன் மலையின் உடல்.

அதே மாநாடு மீண்டும் 2020 மார்ச்சில் டில்லியில் கூட இருந்தது. கொரோனா தொற்றால் தள்ளிப் போய், 2022 மார்ச்சில் இணையவழியாகவே நடந்து முடிந்தது. கட்டுரைகளை வாசித்தார்கள், கேள்விகளையும் கேட்டார்கள். மலையை மட்டும் யாரும் திரைக்குள் கொண்டுவர இயலவில்லை. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கட்டுரையை வீட்டிலிருந்தும் கேட்கலாம். அறிஞர்கள் ஓரிடத்துக்கு நேரில் வந்தே ஆகவேண்டிய பகுதி களப் பயணம்தான். நம் அமைப்பாளர்களோ அதையே விருப்பப் பாடமாக வைத்திருக்கிறார்கள்!

ஒரு சாலையில் ஒரு பாடம்

சார்னோக்கைட் பெயர் பெற்ற கதை சுவையானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைகளும் இவ்வினமே. 1900-ல் ஹாலந்து தம் விரிவான ஆய்வை வெளியிட்டார். எரிமலைக் குழம்பைப் போல் உருகிய நிலையிலிருந்து இறுகியது இப்பாறை என்பது அவர் கருத்து. பின்வந்தோர் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே இருந்த பாறை ஆழத்தில் வெந்து உருமாறியது என்றார்கள்.

இந்த வாதத்தில் ஒரு பெரிய திருப்பம் கல்குவாரி ஒன்றிலிருந்து வந்தது. கர்நாடகத்தின் கப்பால்துர்கா குவாரியில், சாம்பல் நிற நைஸ் பாறையின் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பச்சை கலந்த கருமையான சார்னோக்கைட் திட்டுத் திட்டாய்ப் பரவியிருந்ததைப் பிச்சமுத்து கண்டார். ஒரு பாறை மற்றொன்றாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நின்ற காட்சி அது. 1960-ல் 'நேச்சர்' இதழில் அவர் அதை அறிவித்தார். அதன் பிறகு அந்தக் குவாரியைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் வந்தார்கள். படத்தில் பார்ப்பது போதாது என்பதால்தானே வந்தார்கள்?

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி, தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் வரும் நெடுஞ்சாலையில் இந்த மாற்றத்தை இன்னும் பெரிய அளவில் காணலாம். வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் வரிவரியான நைஸ். தெற்கே வர வர ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் தலைகாட்டுகிறது. நீர் அற்ற, மிகுந்த வெப்பமுள்ள சூழலில் உண்டாகும் கனிமம் இது. சேர்வராயன் மலைக்கு வந்து சேரும்போது முழுவதும் சார்னோக்கைட்டாகிவிடுகிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பாறை, மேலிருந்தவை அரித்துப் போனபின் இன்று நம் கண்முன் நிற்கிறது. சாலை தெற்கே போகப் போக, பழைய நிலமேலோட்டில் நாம் ஆழத்துக்குப் போகிறோம் எனலாம்.

பாறையிலிருந்த நீர் எப்படி வெளியேறியது? கீழிருந்து கரியமில வாயு வந்து துரத்தியது என்று ராபர்ட் நியூட்டனும் அவர் கூட்டாளிகளும் 1980-ல் வாதிட்டனர். அடர்ந்த உப்புக் கரைசல்களுக்கும் பங்குண்டு என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. சேர்வராயன் மலைப் பாறைகள் மிகுதியாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருப்பதை ஆராய்ந்த கட்டுரையும் 1997-ல் வெளிவந்தது. பாறையின் ஒரு பகுதி உருகி வெளியேறியபோது நீரையும் கொண்டு சென்றது என்போரும் உண்டு. ஆக, இந்த மலை பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கின் முதன்மைச் சாட்சியை ஏரிக்கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது அறிவியலாகுமா?

எங்கே தவறுகிறார்கள்?

முதல் தவறு வரிசை. மேலே சொன்ன பாடம் வடக்கிலிருந்து தெற்கே வந்தால்தான் விளங்கும். நேரே மலையுச்சிக்குப் போய் ஒரு பாறையைக் காட்டி "இது சார்னோக்கைட்" என்றால், கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தது போலாகும். ஒவ்வோர் நிறுத்தத்திலும் எதைப் பார்ப்பது, முந்தைய நிறுத்தத்தோடு எதை ஒப்பிடுவது என்று எழுதிய நாலு பக்கக் கையேடாவது வேண்டும். கையில் கிடைப்பது பெரும்பாலும் உணவுச் சீட்டுதான்!

இரண்டாவது தவறு, பார்க்க வேண்டியதைப் பாராமல் போவது. மலையுச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கும் சமவெளியின் செம்மண்ணும் செம்புரைக்கல்லும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. வெப்பமண்டல மழை நெடுங்காலம் சார்னோக்கைட்டைக் கரைத்துக் கரைத்து, கரையாத அலுமினியத்தை மேலே விட்டுச் சென்றதால் பாக்சைட் உண்டானது என்று அங்கே நின்று சொல்வோர் சிலரே. இம்மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றதும், 2008-ல் அங்கு அலுமினிய உற்பத்தி நின்றதும், வெட்டிய குழிகளின் நிலையும் பேசப்பட வேண்டியவை அல்லவா? அழகிய காட்சிகளை மட்டும் காட்டும் பயணம் மலையின் வரலாற்றில் பாதியை மறைத்துவிடுகிறது.

ஏற்காட்டின் ஹோலி டிரினிடி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் உள்ளது. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்திய முன்வரலாற்று ஆய்வுக்கு வித்திட்டவர் அவர். நிலவியல் அறிஞரான அவர், வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம் பகுதியின் நிலவியலையும் எழுதினார்; ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். சுத்தியலோடு நடந்து நடந்தே அறிவியல் செய்த மனிதர் அவர். மாநாட்டுப் பேருந்து அங்கே பத்து நிமிடம் நின்றால் போதும்.

மூன்றாவது தவறு கை நீளுவது. நாற்பது பேர் ஆளுக்கொரு துண்டு உடைத்தால், ஒரு நல்ல பாறை முகம் சில ஆண்டுகளில் பாழாகும். செடிகொடிகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறு மரம் இம்மலையின் பெயரையே தாங்கியது, இம்மலைக்கே உரியது. 1963-ல் நிறுவப்பட்ட தேசிய ஆர்க்கிட் பூங்காவை இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை இங்கே நடத்தி வருகிறது. அங்கே பாதுகாக்கப்படும் செடிகளைப் பார்த்துவிட்டு வந்து, வழியோர மரத்திலிருந்து ஆர்க்கிட்டைப் பெயர்த்து நெகிழிப் பையில் போட்டுக்கொள்வதை என்னவென்று சொல்வது? அயல்நாட்டு ஆய்வாளர் நம் உயிரினங்களை ஆய்வுக்குப் பெற, 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். மலை ஏறும் முன்பே இதைப் பயணிகளுக்குச் சொல்வது அமைப்பாளரின் கடமை.

நான்காவது தவறுதான் என் மனத்தை மிகவும் உறுத்துவது. பேருந்தில் யார் இருக்கிறார்கள்? பதிவுக் கட்டணம் செலுத்தியவர்கள். விளக்கம் எந்த மொழியில்? ஆங்கிலத்தில் மட்டும். அதே மலையில் தமிழ் வழியில் படிக்கும் பள்ளி மாணவர்கள் இருக்கிறார்கள். மலையாளிகள் என்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பெயர் அப்படியிருந்தாலும் தமிழ் பேசும் மக்கள். எந்த ஊற்று கோடையில் வற்றும், எந்தச் சரிவில் மண் சரியும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாநாட்டார் அவர்களைப் புகைப்படம் எடுக்கிறார்கள். ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. தம் மலை 250 கோடி ஆண்டு பழமையானது என்ற செய்தி அவர்கள் செவிக்கு எட்டாமலே பேருந்து இறங்கிவிடுகிறது.

அமைப்பாளர் தரப்பு

அமைப்பாளர்களின் சிரமங்களை நாம் மறக்கலாகாது. பேருந்து வாடகை கூடியிருக்கிறது. குவாரிக்குள் நுழைய உரிமையாளரின் இசைவு வேண்டும். காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பது பேரை இறக்கி நிறுத்துவது ஆபத்தான காரியம். முதியவர்கள் சரிவில் இறங்க முடியாது. இவை எல்லாம் உண்மையே. ஆனால் இவற்றில் எதுவும், கையேடு எழுதாமைக்கும் தமிழில் விளக்காமைக்கும் காரணமாகாது. மேடை அலங்காரத்துக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் சிறிதைத் திருப்பினாலே கையேடு அச்சாகிவிடும்.

என்ன செய்யலாம்?

களப் பயணத்தை மாநாட்டின் முதல் நாளுக்கு மாற்றலாம். பாறையைப் பார்த்தபின் நடக்கும் கட்டுரை வாசிப்பில் கேள்விகள் கூர்மையாக இருக்கும். நிறுத்தங்களைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரமாவது நிற்கலாம். எதிரெதிர்க் கருத்துடைய இருவரை ஒரே பாறையின் முன் நிறுத்திப் பேசவைக்கலாம். உடைக்கத் தக்க இடம், தொடவே கூடாத இடம் எனக் கையேட்டிலேயே குறிக்கலாம். பேருந்தில் பத்து இருக்கைகளை உள்ளூர் மாணவர்களுக்கு ஒதுக்கி, ஒரு பேராசிரியரைத் தமிழில் விளக்கச் சொல்லலாம்.

இதைப் படிக்கும் மாணவர்கள் அழைப்பிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். ஆசிரியர் ஒருவருடன் சாதாரணப் பேருந்தில் ஒரே நாளில் போய் வரலாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைக்கண்ணாடி, சாலை வரைபடம் போதும். ஊருக்கு ஊர் கொட்டிக் கிடக்கும் ஜல்லியிலும், வீட்டுச் சுவர்க் கல்லிலும், கோயில் படியிலும் நிறமும் வரியும் எப்படி மாறுகின்றன என்று குறித்து வாருங்கள். ஜல்லி வேறிடத்திலிருந்து வந்திருக்கக்கூடும். எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று லாரிக்காரரிடம் கேட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் மாவட்டத்தில் மாநாடு கூடினால், அந்த நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பேருந்தில் ஓர் இடம் கேளுங்கள்.