எழுபது என்னும் கோடு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1978-இல் செய்த கொலைக்காக மரண தண்டனை பெற்றவர் ஃப்ரெடி லீ ஹால். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தத் தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருக்குக் குறைபாடு இருக்கிறது என்று வரையறுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. ஃபுளோரிடா ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டது. நுண்ணறிவு ஈவு என்னும் ஐ.க்யூ. 70 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 71 என்றால் வேறு எந்தச் சான்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஹாலைப் பள்ளி ஆசிரியர்களே மனவளர்ச்சி குன்றியவர் என்று குறித்து வைத்திருந்தார்கள். ஆனால் நீதிமன்றம் கணக்கில் எடுத்த அவருடைய மதிப்பெண்களில் மிகக் குறைந்தது 71. ஒரே ஒரு புள்ளியில் ஒரு மனிதரின் உயிர் தொங்கியது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், ஃபுளோரிடாவின் விதி செல்லாது என்றது. எந்த ஐ.க்யூ. மதிப்பெண்ணும் பிழை வீச்சோடுதான் வருகிறது, துறை வல்லுநர்களே ஒப்புக்கொண்ட அந்தப் பிழையை மாநிலம் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2016-இல் ஹாலின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

உளவியல் சோதனைகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம்மிடையே உண்டு. எண் வந்துவிட்டது, இனி மறுபேச்சில்லை என்பது ஒன்று. மனத்தை எப்படி அளக்க முடியும், எல்லாம் ஏமாற்று என்பது மற்றொன்று. அளவீட்டின் அடிப்படை தெரிந்தால் இரண்டையுமே விட்டுவிட வேண்டியிருக்கும். நுண்ணறிவுச் சோதனை ஒரு நல்ல கருவி. அது தருவது ஒரு வீச்சு. அந்த வீச்சைக் கோடாக இறுக்கி, கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று மனிதர்களைப் பிரிக்கும்போதுதான் அநீதி நுழைகிறது.

இந்தக் கருவி பிறந்த நோக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தர வேண்டும், அவர்களை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வியை 1904-இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு ஒரு குழுவிடம் வைத்தது. ஆசிரியரின் கருத்தை மட்டும் நம்பினால், அடம்பிடிக்கும் பிள்ளையும் மந்தமான பிள்ளை என்று ஒதுக்கப்படலாம். குழுவில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905-இல் 30 பணிகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார். எளிதில் தொடங்கிப் போகப் போகக் கடினமாகும் பணிகள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே கேள்வி, ஒரே முறை. மதிப்பெண் பிறவியிலேயே எழுதப்பட்ட அளவு ஆகாது, பயிற்சியால் குழந்தை மேலே வர முடியும் என்பதில் பினே உறுதியாக இருந்தார். அவர் 1911-இல் மறைந்தார். மன வயதை உண்மை வயதால் வகுக்கும் ஈவு என்ற யோசனையை ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன் 1912-இல்தான் முன்வைத்தார்.

இன்றைய சோதனைகளில் அந்த வகுத்தல் கணக்கு பெரும்பாலும் இல்லை. டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் கொண்டுவந்த முறைப்படி, ஒருவரை அவருடைய வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறார்கள். சராசரியை 100 என்றும், மதிப்பெண்கள் அதைச் சுற்றிப் பரவும் அளவான திட்ட விலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். ஆக, 70 என்பது சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே இருக்கும் ஓர் இடம். இயற்கை அங்கே எந்த எல்லைக்கல்லும் நடவில்லை. நாம்தான் நட்டோம்.

ஒரு சோதனையின் தரத்தை மூன்று கேள்விகளால் பார்க்கலாம். திரும்ப அளந்தால் ஏறக்குறைய அதே விடை வருமா? இது நம்பகத்தன்மை. எதை அளக்கிறோம் என்று சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா, எடுக்கப்போகும் முடிவுக்கு அது பொருந்துமா? இது ஏற்புடைமை. யாரோடு ஒப்பிட்டு இந்த எண்ணைத் தந்தோம்? இது நெறிமதிப்பு. நல்ல நுண்ணறிவுச் சோதனைகளின் நம்பகத்தன்மைக் கெழு 0.95 அளவுக்கு இருக்கிறது. உளவியலில் இது மிக உயர்ந்த தரம். அந்தத் தரத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தால், அளவீட்டின் திட்டப் பிழை சுமார் 3.4 புள்ளி. எழுபது என்று வந்த குழந்தையின் உண்மை மதிப்பு, 95 சதவீத உறுதியோடு சொன்னால், ஏறத்தாழ 63-க்கும் 77-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கெழு 0.90 ஆகக் குறைந்தால் வீச்சு 61 முதல் 79 வரை அகலும். சோதனையின் கையேட்டிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. தன் பிழையைத் தானே எண்ணாகச் சொல்லும் நேர்மை, ஆசிரியரின் அபிப்பிராயத்துக்கோ நேர்முகத் தேர்வாளரின் உள்ளுணர்வுக்கோ கிடையாது. சோதனையின் முதல் வலிமையாக நான் கருதுவது இதைத்தான்.

இரண்டாவது வலிமை, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது. ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் மாசச்சூசெட்ஸில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அவற்றில் எவ்வளவு ஈயம் படிந்திருக்கிறது என்று அளந்தார். நோய்க்கான அறிகுறி எதுவும் அந்தக் குழந்தைகளிடம் இல்லை. ஆனால் ஈயம் மிகுந்த பற்களுக்குரிய குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சில புள்ளிகள் குறைந்திருந்தது. 1979-இல் வந்த அந்த ஆய்வு, ஈயத்துக்கு எதிரான விதிகளுக்கு வலுவான சான்றானது. இந்தியாவும் 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியது. ஒரு குழந்தையை அளந்தால் பிழையில் மூழ்கிப்போகும் சில புள்ளிகள், நூறு குழந்தைகளின் சராசரியில் தெளிவாகத் தெரிகின்றன. தனி ஆளுக்கு எவ்வளவு தயங்கிப் பயன்படுத்த வேண்டுமோ, கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு துணிந்து பயன்படுத்தலாம்.

தனிக் குழந்தைக்கும் நன்மை உண்டு. நன்றாகப் பேசும், கேட்டதற்குச் சட்டென்று விடை சொல்லும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், பள்ளியில் அக்கறை இல்லை என்கிறார்கள். சோதனையில் பகுத்தறியும் திறன் வயதுக்கு ஏற்றபடி இருந்து வாசிப்பு மட்டும் பின்தங்கினால், கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்ற திசை தெரிகிறது. திட்டு நின்று உதவி தொடங்குகிறது.

இனிக் குறைகள். முதலாவதும் கொடியதும், எண்ணைத் தலையெழுத்தாகப் படித்தது. பினேயின் சோதனை அமெரிக்காவுக்குப் போனதும், அறிவு பரம்பரைச் சொத்து என்ற நம்பிக்கை அதன்மேல் ஏறிக்கொண்டது. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் மன வயது ஒன்பது என்று சோதனை காட்டியது. அவளுடைய தாய்க்கும் குறைவுதான். கேரியின் கைக்குழந்தையும் இயல்பாக இல்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சாட்சி சொன்னார். மூன்று தலைமுறைக் குறை என்று முடிவுகட்டி, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, பள்ளியில் நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் நோயால் இறந்தாள்.

இரண்டாவது குறை, சோதனைக்குள் புகுந்துகொள்ளும் பண்பாடு. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17.5 லட்சம் அமெரிக்க வீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை நடந்தது. கிரிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்று அதில் ஒரு கேள்வி. அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. கப்பலிலிருந்து இறங்கிச் சில ஆண்டுகளே ஆன இத்தாலியருக்கும் போலந்துக்காரருக்கும் அது எப்படித் தெரியும்? அவர்கள் வாங்கிய குறைந்த மதிப்பெண் அவர்களுடைய இனத்தின் தாழ்வாகப் படிக்கப்பட்டது. அப்படி எழுதியவர்களில் ஒருவரான கார்ல் பிரிகம், 1930-இல் தன் முடிவுக்கு ஆதாரமில்லை என்று அதை வெளிப்படையாக விலக்கிக்கொண்டார்.

கடைப்பொருளைக் கேள்வியிலிருந்து எடுத்துவிடலாம். மொழியை எடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பல நுண்ணறிவுச் சோதனைகளில் எண் நினைவுப் பகுதி உண்டு. நடத்துபவர் நொடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லிக்கொண்டே போவார். குழந்தை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்த்தால் இதைவிட நடுநிலையான கேள்வி இல்லை. ஆனால் பிரிட்டனில் வெல்ஷ் மொழிக் குழந்தைகள் இதில் பின்தங்கியதற்கு, வெல்ஷ் எண்களை உச்சரிக்க ஆங்கில எண்களைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பதே காரணம் என்று எல்லிஸ், ஹென்னலி என்ற ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினார்கள். தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசையில் முடியும் எண் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் ஏழு என்பதைத் தவிர எல்லாமே ஓரசை. ஆங்கிலக் குழந்தைகளின் நெறிமதிப்பை வைத்துத் தமிழ்க் குழந்தையின் எண் நினைவை எடைபோட்டால், நாக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அறிவின் குறையாகப் பதிவாகிவிடக்கூடும். அறைக்குள் உட்கார்ந்தபடியே கேள்விகளை மொழிபெயர்த்துக் கேட்பது போதாது. அந்தந்த மொழிக் குழந்தைகளிடம் புதிதாக நெறிமதிப்பு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, நெறிமதிப்புக்கு வயதாவது. 1932-க்கும் 1978-க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்திருப்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் வெளிப்படுத்தினார். பத்தாண்டுக்கு மூன்று புள்ளி. அப்படி உயரும் சமூகத்தில், இருபதாண்டுப் பழைய நெறிமதிப்போடு ஒப்பிட்டால் 66 வாங்க வேண்டிய குழந்தை 72 வாங்கிவிடும். இந்தியாவில் 1930-களில் மராத்திக்கும் கன்னடத்துக்கும் காமத் தகவமைத்த பினே சோதனையும், 1969-இல் மாலின் தகவமைத்த வெக்ஸ்லர் சோதனையும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. தாத்தா காலத்துக் குழந்தைகளோடு பேரனை ஒப்பிட்டு வந்த எண், அறிக்கையில் தசமத் துல்லியத்தோடு நிற்கிறது.

இந்த மூன்று குறைகளும் வந்து சேரும் இடம் நம்முடைய சான்றிதழ் மேசை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பல உரிமைகளுக்கு 40 சதவீதக் குறைபாட்டை வாசலாக வைத்திருக்கிறது. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறிவுசார் குறைபாட்டின் சதவீதம் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணிலிருந்து குறிக்கப்பட்டது. 55 முதல் 69 வரை 50 சதவீதம். 70 முதல் 84 வரை 25 சதவீதம். அதாவது அந்தக் கணக்கில் 69 வாங்கிய குழந்தை வாசலுக்கு உள்ளே நின்றது; 70 வாங்கிய குழந்தை வெளியே நின்றது.

அந்த மதிப்பெண் எப்படி வருகிறது? பிள்ளை தானே சாப்பிடுகிறதா, தானே உடுத்திக்கொள்கிறதா, தனியாக வெளியே போய் வருகிறதா என்று பெரும்பாலும் தாயைக் கேட்டுக் குறிக்கிறார்கள். பாசத்தில் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் தாயின் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எல்லாம் செய்வான் என்று சொல்லும் தாயின் பிள்ளைக்குக் கூடும். போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் வாழும் பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்த வீடும் அஞ்சும். இப்படித் திரட்டிய விடைகளில் ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு இவ்வளவு கனம் ஏற்றுவதை எந்த அளவீட்டுக் கோட்பாடும் ஏற்காது.

நிர்வாகத்தின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும். எண்ணை விட்டுவிட்டு அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் சிபாரிசு உள்ளவர்களுக்கே கதவு திறக்கும். ஏழைத் தாய்க்குத் துணையாக இருப்பது அந்த எண்தான். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கோட்டின் இருபுறமும் பிழை வீச்சுக்குள் விழுபவர்களுக்கென்று தனி விதியை எழுத்தில் வையுங்கள் என்கிறேன். அவர்களுக்கு இரண்டாவது சோதனை, பள்ளிப் பதிவு, வீட்டில் நேரில் பார்த்த குறிப்பு ஆகியவை கட்டாயம்; இவற்றை எப்படி எடைபோடுவது என்பதும் விதியிலேயே இருக்கட்டும். ஐயம் நீங்காவிட்டால் முடிவு குழந்தைக்குச் சாதகமாக இருக்கட்டும். உதவி தேவைப்படாத ஒரு பிள்ளைக்கு உதவி போவதால் அரசுக்குச் சிறிது பணம் செலவாகும். உதவி வேண்டிய பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அதன் பள்ளிக் காலமே போய்விடும். இரண்டு தவறும் ஒரே எடை கொண்டவை ஆகா.

பெற்றோரும் கேட்கப் பழக வேண்டும். எந்தச் சோதனை, எந்த ஆண்டின் நெறிமதிப்பு, எந்த மொழியில் நடந்தது, பிழை வீச்சு எவ்வளவு என்ற நான்கும் அறிக்கையில் இல்லாவிட்டால் அந்த அறிக்கை முழுமை பெறவில்லை. ஐந்தாவதாக, நாளை முதல் இந்தக் குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கமாவது அதில் இருக்க வேண்டும். பினே சோதனையை உருவாக்கியது அந்த ஒரு பக்கத்துக்காக. அதை எழுதாமல் எண்ணை மட்டும் தரும் உளவியலாளர் தன் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார். மீதிப் பாதியைக் கேட்டு வாங்கும் உரிமை குழந்தைக்கு உண்டு.