பாதியில் நின்ற வயலின்

ஆண்டின் கடைசி வாரம் வந்தால் இசை கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு வேலை வந்துவிடும். அந்த வருஷம் நெஞ்சில் தங்கிய ஆல்பங்களைப் பட்டியல் போடுவது. நானும் காகிதமும் பேனாவுமாக உட்காருவேன். இரண்டு பெயர் எழுதுவதற்குள் கை தானாக ஒரு பழைய ஆண்டுக்கு வழுக்கிப் போய்விடும். அது 1986. எத்தனை வருஷம் கழிந்தாலும் எனக்குப் பிடித்த ஆல்பங்களின் ஆண்டு அதுதான். அது எனக்குள் நுழைந்ததோ ஒரு கடைக்காரரின் தயவால்.

அந்நாளில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அறுபது நிமிஷக் காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் நாலைந்து நாளில் பதிந்து தருவார்கள். மௌன ராகம் பாட்டுகளை முதலில் எழுதி, மிச்சத்துக்கு வேறு படப் பாட்டுகளையும் எழுதிக் கொடுத்திருந்தேன். கேசட் வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நான் கேட்காத ஒன்று இருந்தது. குரல் இல்லை, சொல் இல்லை. ஒரு வயலின் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே இன்னும் பல வயலின்கள் எழுந்து வந்தன. எங்கே போகிறது என்று காதைத் தீட்டிய நேரத்தில் ‘டக்’கென்று நாடா முடிந்துவிட்டது.

மறுநாளே ஓடினேன். “அண்ணே, கடைசியில என்னமோ வருதே, அது என்ன பாட்டு?”

“ரெண்டு மூணு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு தம்பி. வெறுமனே விடவேணாம்னு போட்டேன். ராஜா போட்டதுதான். பாட்டு இல்ல, வெறும் மியூசிக்.”

அந்த வெறும் மியூசிக் ‘ஹவ் டு நேம் இட்?’ என்ற ஆல்பத்தில் இருப்பது. இளையராஜா 1986-ல் வெளியிட்டு, தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கியது. பாக் மறைந்தது 1750-ல். தியாகராஜர் பிறந்தது 1767-ல். நடுவே பதினேழு வருஷம், ஒரு கண்டம், இரண்டு கடல். காலத்தாலும் சந்தித்திருக்க முடியாத இருவரைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டார் ராஜா. தலைப்புகளிலேயே ஒரு குறும்பு மிளிர்கிறது. ஒன்றின் பெயர் ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்ற பொருளில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. அதற்கு அடுத்ததன் பெயர் ‘அண்ட் வி ஹேட் எ டாக்’, பிறகு பேசிக்கொண்டிருந்தோம். விருந்தாளி வந்துபோனதை அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல எவ்வளவு எளிமை!

என் கேசட்டில் பாதியில் நின்றது அந்த முதலாவது. பாக் தனி வயலினுக்கென்று எழுதிய மூன்றாம் பார்த்திதாவின் முகப்புப் பகுதியை வி.எஸ். நரசிம்மன் வாசிக்கிறார். மலைச்சரிவில் இறங்கும் ஓடைபோல ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வரும் இசை அது. மூச்சு வாங்க இடமே கொடுக்காது. அந்தத் தனிமையைச் சுற்றி ராஜா வேறு வில் வாத்தியங்களை மெல்ல வரவழைக்கிறார். பாக்கே பிற்காலத்தில் இதே இசைக்கு ஆர்கனையும் வாத்தியக் குழுவையும் துணை சேர்த்து ஒரு தேவாலயப் படைப்பில் பயன்படுத்தியிருக்கிறார். ஆகவே ராஜா செய்தது அத்துமீறல் இல்லை, மூலவருக்கே பழக்கமான மரியாதை. சென்னைக் கலைஞர் ஒருவரின் வில்லிலிருந்து பிறக்கிற அந்த ஜெர்மன் ஓடையில் காவிரியின் குளிர்ச்சி லேசாகத் தட்டுப்படுவது என் பிரமையாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இதன் அருமை புரிய ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கர்நாடக இசையில் ஸ்வரம் ஒரு புள்ளி அல்ல. அது அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கமகம் இல்லாமல் ராகம் இல்லை. ஐரோப்பிய ஹார்மனியோ பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அடுக்கிக் கட்டுகிற கோபுரம். அடுக்கும் செங்கல் ஆடினால் கோபுரம் நிற்காது. ஆடுகிறதையும் ஆடாததையும் ஒரே கட்டடத்தில் வைக்க, இரண்டு கலையும் விரல் நுனியில் இருந்தால்தான் முடியும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையையும் படித்த கைக்கு அது கூடிவந்தது.

ஒட்டு மாமரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடித்தண்டில் இரண்டு கிளை சேர்ந்த இடம் ஒரு வடுவாகப் புடைத்திருக்கும். பழத்தின் ருசி அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1986-ன் ஆல்பங்களில் நான் தேடித் தேடிக் கேட்பது அந்த ஒட்டுப் போட்ட இடத்தைத்தான்.

கேசட்டின் முதல் பக்கத்துக்கு வருவோம். மௌன ராகம். டெல்லியில் ஒரே கூரையின் கீழ் பேச்சில்லாமல் வாழும் கணவன் மனைவியின் கதை. மணிரத்னத்தின் படம், பாட்டெல்லாம் வாலி. பேசாதவர்களின் கதைக்குப் பாட்டுப் போடுவது எவ்வளவு நுட்பமான வேலை! ‘நிலாவே வா’ பாடும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைக் கேளுங்கள். எந்த உச்சத்தையும் தாண்டக்கூடிய குரல். ஆனால் இங்கே அது தொண்டையை முழுதாகத் திறப்பதே இல்லை. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாது என்று தட்டுகிற கையின் பதம் அதில் இருக்கிறது.

‘மன்றம் வந்த தென்றலுக்கு’ பாட்டில் இன்னொரு நயம். தலைப்பிலேயே ‘ன்ற’ என்ற ஒலி இரண்டு தடவை வருகிறது. அழுத்திச் சொன்னால் மேடைப்பேச்சாகிவிடக்கூடிய ஒலி. பாலு அதை நாக்கு நுனியால் தொட்டுவிட்டு விலகிவிடுகிறார். தென்றல் என்று சொல்லும்போது தென்றலைவிடக் கனமாக இருக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு ‘ன்ற’வுக்காகவே நான் நாடாவை எத்தனையோ முறை பின்னால் ஓட்டியிருக்கிறேன்.

அதே ஆண்டின் ஆகஸ்டில், உலகின் வேறு மூலையில், பால் சைமன் ‘கிரேஸ்லாந்து’ வெளியிட்டார். நியூயார்க் பாட்டுக்காரர் ஒருவர் முந்தின ஆண்டு ஜோகன்னஸ்பர்க் போய், அங்கத்திய கலைஞர்களோடு தாளத்தையும் கிட்டாரையும் முதலில் பதிந்துகொண்டு, ஊர் திரும்பி அதன்மேல் சொற்களைப் பொருத்திச் செய்த ஆல்பம். நிறவெறி அரசுக்கு எதிரான கலைப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் அவருக்குக் கண்டனமும் வந்தது. அந்தக் கேள்வியை ஒதுக்காமலேயே, அந்தக் கலைஞர்களின் கைவண்ணத்தைக் கொண்டாடலாம், கொண்டாட வேண்டும்.

முதல் பாட்டின் முதல் ஒலியே அக்கார்டியன். நம் ஆர்மோனியத்தின் அக்கா அது; துருத்தி இரண்டுக்கும் பொது. லெசோத்தோ நாட்டுக் கலைஞர் ஃபொரேரே மொட்லோஹெலோவாவின் கையில் அது தூசி பறக்கும் மண்பாதைபோல முரட்டழகோடு விரிகிறது. ஆனால் நான் உயிரை விடும் இடம் ‘யூ கேன் கால் மீ அல்’ பாட்டில், கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால் வருகிறது. மற்ற எல்லாம் சட்டென்று ஒதுங்க, பகிதி குமாலோவின் பேஸ் கிட்டார் மட்டும் ஒரு பாய்ச்சல் பாயும். அவர் வாசிப்பது ஃப்ரெட்லெஸ், அதாவது மெட்டு வைக்காத பேஸ். வீணைக்கு எதிரில் கோட்டுவாத்தியம் எப்படியோ அப்படி. விரல் எங்கு நின்றாலும் ஸ்வரம், எங்கு வழுக்கினாலும் அழகு.

சில நொடிதான் அந்தப் பாய்ச்சல். அதன் முதல் பாதிதான் அவர் வாசித்தது. இரண்டாம் பாதி, அதே நாடாவைப் பின்னோக்கி ஓட்டி ஒட்டியது. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடியிருக்கிறார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே பாட்டு. இது பேஸ் கிட்டாரில் ஒரு மாலைமாற்று. ஒரு படி கூடுதலும்கூட. சம்பந்தர் பாட்டில் எழுத்துகள்தான் திரும்பும், இங்கே ஒவ்வொரு ஒலியின் உயிர்ப்பும் திரும்புகிறது. தந்தியைச் சுண்டினால் ஒலி பளிச்சென்று பிறந்து மெல்ல மாயும். இரண்டாம் பாதியிலோ ஒவ்வொரு ஸ்வரமும் மெல்லத் துளிர்த்துச் சட்டென்று முடிகிறது. மூடிய மொட்டுக்குள் பூ திரும்பிப் போவதுபோல. தெரியாமல் கேட்டாலே இனிக்கும். தெரிந்து கேட்டால் சிலிர்க்கும்.

அதே ஆல்பத்தில் ‘ஹோம்லெஸ்’ என்று ஒரு பாட்டு. வாத்தியமே கிடையாது. ஜோசப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் ஆண் குரல்களும் அவற்றோடு சேரும் சைமனின் குரலும் மட்டும். இசிக்காத்தமியா என்கிற அவர்களுடைய பாணி, சுரங்கத்துக்குப் பிழைக்கப் போன தொழிலாளர்கள் விடுதிகளில் வளர்த்தது. இரவில் காவலர் காதில் விழாதபடி நுனிக்காலில் ஆடி, மெதுவான குரலில் பாடுவார்களாம். ஆழமான கீழ்க்குரல்கள் விரித்த பாயின்மேல் ஒற்றை மேல்குரல் நடந்து வருகிறது. அந்த மென்மைக்குள் எவ்வளவு பெரிய உடம்புகளின் அடக்கம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குரல் என்றதும் இன்னொன்று. பல்கேரிய வானொலிப் பெண்கள் குழுவின் பாடல்களை மார்செல் செலியே என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1975-லேயே ‘பல்கேரியக் குரல்களின் மர்மம்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டிருந்தார். நகலின் நகலாக ஒரு கேசட் கைமாறி, லண்டனில் 4ஏடி என்ற கம்பெனியை நடத்தியவரின் காதில் விழ, 1986-ல் அது மறுபடி வெளிவந்தது. கேசட் கைமாறுவதால் என்னவெல்லாம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும்!

இந்தப் பெண்கள் ஸட்ஜத்தையும் ரிஷபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் பாடுவார்கள். நம் காதுக்கு அது உரச வேண்டும், உரசத்தான் செய்கிறது. ஆனால் அந்த உரசலை அவர்கள் அஞ்சி விலக்காமல் பிடித்து நிறுத்துகிறார்கள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு ரீங்காரம் எழும். வெண்கல மணியை அடித்த பின் காதோரம் நிற்குமே, அந்த மினுமினுப்பு. கீழே ஒரு குரல் தம்புராவைப் போல அசையாமல் நிற்க, மேலே ஒரு குரல் தொண்டையைச் சொடுக்கி அலங்காரம் செய்யும். வயலில் கூப்பிட்டுப் பழகிய திறந்த குரலை, பயின்ற இசையமைப்பாளர்கள் பல அடுக்காகக் கோத்திருக்கிறார்கள். இதோ இன்னொரு ஒட்டு மாமரம்.

மெட்டல் இசை என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர்களை மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பக்கம் கைபிடித்து அழைத்துப் போக எனக்கு ஆசை. மார்ச் 1986. கோபன்ஹேகனில் பதிவானது. தலைப்புப் பாட்டில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையைக் கவனியுங்கள். கிட்டார் தந்தியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மீட்டுவது சுலபம். அவரோ அவ்வளவு வேகத்திலும் மேலிருந்து கீழாக மட்டுமே மீட்டுகிறார். ஒவ்வொரு ஒலியும் ஒரே எடையோடு, உளி விழுவதுபோல விழுகிறது. பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, இரண்டு கிட்டார்கள் கைகோத்து நடக்கும் ஓர் அமைதியான பகுதி வரும். உளியை வைத்துவிட்டுச் சிற்பி சிலையின் கன்னத்தைத் தடவிப் பார்க்கிற நேரம் அது.

‘ஓரியன்’ என்ற பாட்டில் குரலே இல்லை. எட்டு நிமிஷத்துக்கு மேல் வாத்தியம் மட்டும். நடுவில் கிளிஃப் பர்ட்டனின் பேஸ் தனியாகப் பேசத் தொடங்கும்போது இரும்புக்குள் இவ்வளவு ஈரமா என்று தோன்றும். அந்த செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 24. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பகுதியைச் சத்தம் கூட்டிக் கேட்க எனக்கு மனசு வருவதில்லை. மெதுவாகவே வைத்துக் கேட்கிறேன்.

ரன்-டிஎம்சியின் ‘ரெய்சிங் ஹெல்’ ஆல்பத்தையும் விட முடியாது. ஏரோஸ்மித்தின் பழைய ராக் பாட்டின் முகப்புத் தாளத்தை ராப் இளைஞர்கள் பிடித்துக்கொள்ள, அந்த ராக் பாடகரே அவர்களோடு சேர்ந்து கத்துகிறார். ஒட்டுப் போட்ட வடுவை இவர்கள் மறைக்கவே இல்லை, சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதுவும் ஓர் அழகு.

என் பட்டியல் இவ்வளவுதான். வரிசை எண் போட்டதில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால், கடைக்காரர் சும்மா விட மனசில்லாமல் நிரப்பிய அந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்கே முதல் இடம். பாதியில் நின்ற அந்த வயலினின் மீதியைக் கேட்க எனக்குச் சில வருஷம் ஆனது. முழு ஆல்பமும் கைக்கு வந்த அன்று இரவு, ‘ஐ மெட் பாக்’ முடிந்து, நாடா அறுபடாமல் அடுத்தது தொடங்கியபோதுதான் தெரிந்தது, வந்த விருந்தாளி பேசாமல் போய்விடவில்லை என்று.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.