சயனைடு மலைக்கு ஏற்ற கேமரா

கோலார் தங்கவயலைப் படமெடுக்கச் சரியான கருவி பீல்டு கேமராதான். பல வருடம் பரணில் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து, பெல்லோஸில் ஓட்டை உண்டா என்று இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கோரமண்டலுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது கோரமண்டல். தங்கத்தைப் பிரித்த பின் மிஞ்சிய பாறைத்தூளைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சயனைடு மலைகள்தான் தங்கவயலின் அடையாளம். அவற்றின் சரிவெல்லாம் மழை அரித்த வாய்க்கால்கள். மண்ணும் வெளிறல், வானமும் வெளிறல். உச்சி வெயிலில் இரண்டும் கலந்துவிடும். வெயில் சாய்ந்தால்தான் ஒவ்வொரு அரிப்பிலும் நிழல் விழுந்து மலைக்கு உருவம் வரும். அத்தனை நுணுக்கத்தையும் வாங்கிக்கொள்ள ஃபிலிமில் இடம் வேண்டும். பீல்டு கேமராவில் போடும் 4×5 அங்குல ஷீட்டின் பரப்பு, 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படத்தைப் போல ஏறக்குறைய 15 மடங்கு.

சுரங்க வாயில் நிற்கும் இரும்புக் கோபுரங்களைச் சாதாரணக் கேமராவால் அண்ணாந்து எடுத்தால், கால்கள் மேலே போகப் போக நெருங்கி, கோபுரமே மல்லாந்து சாய்வதாகத் தெரியும். பீல்டு கேமராவில் பின்பக்கத்தை நேராக நிறுத்திவிட்டு லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்தலாம். கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், கிரவுண்ட் கிளாஸில் தலைகீழாகத் தெரியும் கோபுரம் தூக்குக்குண்டு பிடித்தது போல் நேராக இருக்கும். இந்தச் சுகத்துக்காகவே எத்தனை கிலோவும் சுமக்கலாம். அப்படிச் சுமந்தவர்கள் முன்பும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடியைத் தாண்டும் ஒரே படமாக்கினார். பொறுமையின் உச்சம் அது.

ஊட்டியில் செய்த 'இந்து' ஃபிலிம் இன்று இல்லை. இறக்குமதி ஷீட் விலை கட்டுப்படியாகாது. நான் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போடுகிறேன். அது நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. ஆகவே சிவப்பு விளக்கடியில், தட்டில் படம் மெல்லத் திரண்டு வருவதைப் பார்த்தபடியே டெவலப் செய்யலாம். ஊரின் பழைய பங்களாக்களின் சிவந்த மங்களூர் ஓடு அடர் கறுப்பாக விழும். பக்கத்திலேயே வெளிறிய மலை. இரு பக்கமும் எமல்ஷன் பூசியது என்பதால் நகம் பட்டாலே கீறும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கும் புகைப்படத்துக்கும் ரசாயன உறவும் உண்டு. 1851-இல் வந்த ஈரக் கண்ணாடித் தகடு முறையில், ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கப் பலர் பொட்டாசியம் சயனைடைத்தான் நம்பினார்கள். இங்குள்ள மலைகளுக்குப் பெயர் தந்த, 1887-இல் கிளாஸ்கோவில் உருவான முறை, பாறைத்தூளிலிருந்து தங்கத்தையே சயனைடால் கரைத்தெடுத்தது. அந்தக் காலத்து அச்சுகள் மங்காதிருக்க அவற்றைத் தங்க குளோரைடில் தோய்த்ததும் உண்டு. கோரமண்டலில் ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்துவிடுகிறது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. பீல்டு கேமரா வைத்திருப்பவர்கள் சீக்கிரம் வாருங்கள். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ உங்கள் வீட்டில் பழைய கண்ணாடி நெகட்டிவ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.